கையெழுத்துப் போடுறவரு எப்ப வர்றாரு?

புத்தகத் திருவிழா நோட்டீஸ் கையில கிடைச்சதும் முதல்ல எதைப் பார்ப்பீங்க? எனக்குத் தெரிஞ்சு மூணு ரகம் இருக்காங்க. கழிவு எவ்வளவுன்னு பார்க்கிறவங்க முதல் ரகம் (பத்து சதவீதம்தான், மாறவே மாறாது, ஆனாலும் பார்ப்பாங்க). பட்டிமன்றம் என்னிக்குன்னு பார்க்கிறவங்க இரண்டாவது. மூணாவது ரகம் எங்களை மாதிரி. தேதி வாரியா விரல் வச்சுக்கிட்டே வந்து, நம்மாளு பேரு எங்கயாவது இருக்கான்னு தேடுறவங்க. பேரு இருந்தா அந்தத் தேதியைச் சுத்தி பேனாவால ஒரு வட்டம். இல்லன்னா நோட்டீஸை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, 'சரி, அடுத்த வருஷம் பார்ப்போம்'னு ஒரு பெருமூச்சு.

இந்த வருஷ நோட்டீஸ் இன்னும் வரலை. நான் காத்துக்கிட்டு இருக்கேன். என்னைவிட அதிகமா காத்துக்கிட்டு இருக்கிறது எங்க சின்னம்மா. அவங்களைப் பத்திதான் இந்தப் பதிவு. ஆனா மேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்க்கதை பேசிக்கிறேன், பொறுத்துக்கோங்க.

பெரம்பலூர், அரியலூர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிமெண்ட் ஃபேக்டரி, சின்ன வெங்காயம், அப்புறம் 1956 ரயில் விபத்து. கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா கங்கைகொண்ட சோழபுரமும், கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்களும். பொன்னியின் செல்வன் படிச்சவங்களா இருந்தா பழுவேட்டரையர். ஆமாங்க, அந்தப் பழுவூர் எங்க மாவட்டம்தான். கீழப்பழுவூர், மேலப்பழுவூர்னு இப்பவும் பஸ் நிக்குது. புத்தகம்னா இந்தப் பக்கம் யாருக்கும் ஞாபகம் வராது. எங்களுக்கே வராது. பாடப் புத்தகம் தாண்டி ஒண்ணு வேணும்னா திருச்சிக்குப் போகணும், இல்லன்னா ஜனவரியில சென்னைக்கு ரயில் ஏறணும். பெரம்பலூர்க்காரங்களுக்கு ரயில் ஏறணும்னாலே அரியலூருக்கோ திருச்சிக்கோ வரணும். மாவட்டத் தலைநகரம்தான், ஆனா ரயில் கிடையாது!

இப்படிப்பட்ட ஊர்ல 2012-ல புத்தகத் திருவிழா நடத்தப் போறாங்கன்னு சொன்னப்ப நாங்க பல பேர் சிரிச்சோம். அப்ப கலெக்டரா இருந்த தரேஸ் அகமது முன்னாடி நின்னு நடத்தினார். ஈரோட்டுல மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லேயே ஆரம்பிச்சு, பள்ளிப் பிள்ளைங்க கையில உண்டியல் கொடுத்து காசு சேர்த்துப் புத்தகம் வாங்க வச்சு, வெற்றிகரமா காட்டியிருந்தாங்க. ஆனா ஈரோடு எங்க, நாங்க எங்க? மஞ்சளும் ஜவுளியும் விக்கிற ஊரும், மக்காச்சோளம் காயப்போட ரோட்டைத் தேடுற ஊரும் ஒண்ணா?

சிரிச்ச வாயை மூடிக்கிட்டோம். கூட்டம் வந்துச்சு. ஸ்கூல் பிள்ளைங்க வந்தாங்க, காடு கரையில வேலை முடிச்சிட்டு சாயந்திரமா குடும்பத்தோட வந்தாங்க. அப்பளம், மிளகாய் பஜ்ஜி கடையிலதான் முதல் கூட்டம், அதை மறைக்க வேண்டியதில்ல :-). ஆனா திரும்பிப் போறப்ப கையில ஒரு பையும் இருந்துச்சு. அதுக்கப்புறம் அரியலூர்லயும் ஆரம்பிச்சாங்க. 2022-க்குப் பிறகு அரசே எல்லா மாவட்டத்துலயும் நடத்துற மாதிரி ஆயிடுச்சு. இப்ப புத்தகத் திருவிழா இல்லாத மாவட்டம்னு எதையும் சொல்ல முடியாது.

எழுத்தாளர்களைக் கண்ணால பார்த்ததும் அங்கதான். அதுவரைக்கும் எனக்கு எழுத்தாளர்னா பின்னட்டையில இருக்கிற ஸ்டாம்ப் சைஸ் கருப்பு வெள்ளை போட்டோ. ராத்திரி பேச்சு முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால பிள்ளைங்க நோட்டோட வரிசை கட்டி நிக்கும். அதுங்களுக்கு எழுத்தாளர், பட்டிமன்ற நடுவர், மைக்செட் அண்ணன் எல்லாம் ஒண்ணுதான். மேடையில இருந்து இறங்குற யாரா இருந்தாலும் "சார், ஆட்டோகிராஃப்!" ஒரு தடவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினவர்கிட்ட ஒரு இருபது பிள்ளைங்க வாங்கிட்டுப் போச்சுங்க. மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே!

பெரியவங்க வேற மாதிரி. ஸ்டால்ல எழுத்தாளர் உக்காந்திருப்பார். பக்கத்துல போறதுக்கு முன்னாடி ரெண்டு சுத்து சுத்துவோம். அடுத்த ஸ்டால்ல சமையல் புத்தகம் பார்க்கிற மாதிரி ஓரக்கண்ணால பார்ப்போம். கடைசியில தைரியம் வந்து புத்தகத்தை நீட்டினா அவர் பேனா மூடியைத் திறந்துக்கிட்டே ஒரு கேள்வி கேப்பார்.

"பேர் என்ன போட?"

எல்லா எழுத்தாளரும் கேக்குற கேள்வி. அவ்வளவு நேரம் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வச்சிருந்த வாக்கியமெல்லாம் மறந்து நம்ம பேரை மட்டும் சொல்லிட்டு வந்துடுவோம். சில பேர் மனைவி பேரைச் சொல்லுவாங்க. சில பேர் இன்னும் படிக்கவே தெரியாத கைக்குழந்தை பேரைச் சொல்லுவாங்க. சில விவரமான ஆளுங்க "பேரு வேணாம் சார், சும்மா கையெழுத்து மட்டும்" என்பாங்க. பின்னால விக்கிறதுக்கு வசதி! திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடைகள்ல 'அன்பு நண்பருக்கு'ன்னு எழுத்தாளரே எழுதிக் கொடுத்த புத்தகங்களைப் பார்த்திருக்கேன். நண்பரோட நட்பு பழைய பேப்பர் எடைக்குப் போயிருக்கு. பாவம்.

சென்னைக்காரங்க இதுல கொடுத்து வச்சவங்க. காயிதே மில்லத் கல்லூரி மைதானத்துல கண்காட்சி நடந்த காலத்துல உயிர்மை ஸ்டால்ல சுஜாதா உக்காந்து கையெழுத்துப் போட்டதைச் சொல்லிச் சொல்லி இன்னமும் பெருமைப்படுறவங்க எனக்குத் தெரியும். 2008 பிப்ரவரியில அவர் போனப்ப, 'அடுத்த ஜனவரியில வாங்கிக்கலாம்'னு தள்ளிப் போட்டவங்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும்? அதனாலதான் சொல்றேன், கையெழுத்து வாங்குறதைத் தள்ளிப் போடக்கூடாது.

ஒரு சின்ன இடைச்செருகல். எங்க மாவட்டத்துக்குக் கையெழுத்து ஒண்ணும் புதுசு இல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளோட கடைசியைப் பார்த்தீங்கன்னா, தானம் கொடுத்தது, நிலத்தோட நாலெல்லை எல்லாம் முடிஞ்ச பிறகு, 'இவை இன்னார் எழுத்து'ன்னு வரிசையா ஊர்ப் பெரியவங்க, கணக்கருங்க பேரு வரும். அதாவது நான் பார்த்தேன், ஒத்துக்கிறேன், சாட்சின்னு அர்த்தம். பழுவூர்க் கோயில் சுவர்ல ஆயிரம் வருஷத்துக்கு மேல அந்த எழுத்து நிக்குது. நாம பால்பாயிண்ட் பேனாவுல வாங்கினது பத்து வருஷத்துல மங்கிப் போகுது. (இங்க் பேனா வச்சிருக்கிற எழுத்தாளர்கள் வாழ்க!)

சரி, சின்னம்மா.

பேரு சொல்லலை, ஊரும் சொல்லலை. செந்துறைப் பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. செம்மண் காடு, முந்திரி. வயசு அறுபதைத் தாண்டியாச்சு. பள்ளிக்கூடம் போனதில்ல. தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் வந்தப்ப, ராத்திரி மாரியம்மன் கோயில் வாசல்ல அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்து எழுத்து கத்துக்கிட்டவங்க. கூடக் கத்துக்கிட்ட பல பேர் பேரெழுதக் கத்துக்கிட்டதோட நிறுத்திட்டாங்க. சின்னம்மா விடலை. பஸ் போர்டு, சுவர் விளம்பரம், மளிகைப் பொட்டலம் கட்டி வர்ற பேப்பர், கல்யாணப் பத்திரிகைன்னு கண்ணுல பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிக்கிட்டே இருந்தாங்க. சத்தமாதான் படிப்பாங்க. மனசுக்குள்ள படிக்க இன்னிக்கும் வராது.

நான் ஊருக்குப் போறப்ப ஒரு தடவை இமையத்தோட 'பெத்தவன்' கதையைப் பையில வச்சிருந்தேன். சின்னப் புத்தகம். சின்னம்மா அட்டையை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, "இது என்னாடா, பெத்தவன்னு போட்டுருக்கு?"ன்னு கேட்டாங்க. கதைன்னு சொல்லி வச்சுட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில எழுந்து வந்து பார்த்தா திண்ணையில சத்தம் கேக்குது. சின்னம்மா படிக்கிறாங்க.

கதை தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. வேற சாதிப் பையனை விரும்புன மகளை அப்பனே கொன்னுடணும்னு ஊர்ப் பஞ்சாயத்து முடிவு பண்ணுது. அப்பனும் சரின்னு ஒத்துக்கிட்டு வீட்டுக்கு வர்றான். அந்த ஒரு ராத்திரிதான் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன், படிச்சுக்கோங்க. அது வந்தது 2012-ல. அதே வருஷம் நவம்பர்லதான் தர்மபுரியில ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனியையும் பக்கத்துல ரெண்டு காலனியையும் கொளுத்தினாங்க.

அந்தப் புத்தகத்தை சின்னம்மா நாலு நாள் படிச்சாங்க. நான் கிளம்புற அன்னிக்குத்தான் திருப்பிக் கொடுத்தாங்க. கொடுத்துட்டு முதல்ல சொன்னது கதையைப் பத்தி இல்ல.

"ஏஞ்சாமி, இது நம்ம பேச்சாட்டம்ல இருக்கு! நம்ம பேசுறதைக்கூட அச்சுல அடிப்பாங்களா?"

அதுவரைக்கும் அச்சுல வர்ற தமிழ் அவங்களுக்கு வேற தமிழ். மேடைத் தமிழ், பேப்பர் தமிழ். அதைப் படிக்க எழுத்துக்கூட்டினா மட்டும் போதாது, அர்த்தமும் கூட்டணும். இது அப்படி இல்ல. எழுத்தைக் கூட்டினா அடுத்த வீட்டு அக்கா பேசுது. நமக்கெல்லாம் வட்டார வழக்குன்னா கொஞ்சம் தடுக்கும், நிறுத்தி நிறுத்திப் படிப்போம். சின்னம்மாவுக்கு நேரெதிர். நாம தடுக்கி விழுற இடத்துல அவங்க ஓடுறாங்க!

யார் இந்த ஆளு, எந்த ஊருன்னு கேட்டாங்க. கழுதூர், திட்டக்குடி தாலுக்கா, இப்ப இருக்கிறது விருத்தாசலத்துலன்னு சொன்னேன். வெள்ளாத்துக்கு அந்தப் பக்கம்தான். நாங்க இருக்கிற இடத்துல இருந்து ஆத்தைத் தாண்டினா அவர் ஊர்ப் பக்கம் வந்துடும். சம்பந்தம் பண்றது, செத்தா போறது எல்லாம் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் உண்டு. அதனாலதான் பேச்சும் ஒண்ணு. விருத்தாசலத்துக்காரர் கண்மணி குணசேகரன் இந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து 'நடுநாட்டுச் சொல்லகராதி'ன்னு ஒரு அகராதியே போட்டிருக்கார். போக்குவரத்துக் கழகத்துல வேலை பார்த்துக்கிட்டே அகராதி போட்ட மனுஷன். இமையம் பள்ளிக்கூட வாத்தியாரா வேலை பார்த்தவர். திருச்சி பெரியார் கல்லூரியில படிச்சவர். 1994-ல வந்த முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' பத்தி சுந்தர ராமசாமி எவ்வளவு உயர்வாச் சொன்னார்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-க்கான சாகித்ய அகாடமி விருது கிடைச்சப்ப எங்க பக்கத்துல சில பேர் அவங்க வீட்டு விசேஷம் மாதிரி இனிப்பு கொடுத்தாங்க. அதுல நானும் ஒருத்தன்.

இதெல்லாம் சின்னம்மாவுக்குத் தேவையில்ல. வாத்தியார்னதும், "அதான! வாத்தியாருன்னா கையெழுத்து நல்லா இருக்கும்"னாங்க. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, புத்தகத் திருவிழாவுக்கு அவர் வந்தா புத்தகத்துல கையெழுத்துப் போட்டுத் தருவார்னு சொன்னேன்.

சின்னம்மாவுக்குப் புரியலை. "கடன் வாங்குறவந்தான கையெழுத்துப் போடணும்? இவரு எதுக்குப் போடுறாரு? நம்மகிட்ட என்னா வாங்கினாரு?"

யோசிச்சுப் பாருங்க. அவங்க வாழ்க்கையில கையெழுத்துன்னா என்ன? கூட்டுறவு சங்கத்துல நகை வச்சா கையெழுத்து. மகளிர் குழுவுல லோன் எடுத்தா கையெழுத்து, அடுத்தவளுக்கு ஜாமீன் நின்னா கையெழுத்து. நூறு நாள் வேலைக்குப் போனா கையெழுத்து. எதையாவது வாங்கினேன், திருப்பித் தருவேன், தராட்டி என்னைப் புடின்னு எழுதிக் கொடுக்கிறதுதான் அவங்களுக்குக் கையெழுத்து. கைநாட்டு வச்சுக்கிட்டு இருந்தவங்க பேரெழுதக் கத்துக்கிட்டு, முதல் தடவையா சங்கத்துல மை வேணாம்னு சொல்லி பேனா வாங்கினதை இப்பவும் சொல்லுவாங்க. அதுல ஒரு வேடிக்கை, இப்ப ரேஷன் கடையில மறுபடியும் விரலை வையின்னு மிஷின் வந்துடுச்சு. முந்திரி உடைக்கிறவங்களுக்கு அந்தத் தோல் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் உரிஞ்சு, ரேகையே இருக்காது. மிஷின் சின்னம்மாவை ஒத்துக்க மாட்டேங்குது. "கையெழுத்துப் போடுறேன்னு சொன்னா அந்தப் பொட்டிக்குப் படிக்கத் தெரியாதாமே"ன்னு ஒருநாள் சிரிச்சாங்க.

எழுத்தாளர் கையெழுத்துங்கிறது கடன் இல்ல சின்னம்மா, ஒரு அன்புக்குப் போடுறது, உன் பேரை எழுதி, அன்புடன்னு எழுதி, கீழ அவர் பேரைப் போடுவார்னு விளக்கினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"யாரு பேரு சொன்னாலும் போடுவாரா?"

அங்கதான் எனக்குக் கொஞ்சம் திக்குன்னு ஆச்சு.

சின்னம்மாவுக்கு ஒரே மகள். எனக்குத் தங்கச்சி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால, கூடப் படிச்ச பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. வேற சாதி. எந்தச் சாதி, நாங்க எந்தச் சாதின்னு எழுத மாட்டேன். எழுதினா பேச்சு அந்தப் பக்கம் போயிடும், இது அதுக்கான இடமில்ல. ஸ்டேஷன்ல பேசித் தீர்க்கக் கூப்பிட்டப்ப சின்னப்பாவும் ஊர்ல நாலு பேரும் போனாங்க, சின்னம்மாவும் கூடப் போனாங்க. அவ உள்ளே வரலை. எழுதிக் கொடுத்துட்டுப் போயிருந்தா. நான் மேஜர், என் சொந்த விருப்பத்துலதான் போறேன், பெத்தவங்க வீட்டுக்கு வர விரும்பலைன்னு. கீழ கையெழுத்து.

அந்தத் தாளை மேஜை மேல வச்சாங்க. சின்னப்பா பார்க்கலை, முகத்தைத் திருப்பிக்கிட்டார். சின்னம்மா குனிஞ்சு எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. சத்தமா. அவங்களுக்குத்தான் மனசுக்குள்ள படிக்க வராதே. ஸ்டேஷன்ல எல்லாரும் நிக்க, மகள் எழுதிக் கொடுத்ததை முதல் எழுத்துல இருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் படிச்சு முடிச்சாங்க. நான் பக்கத்துல இருந்தேன். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது, விட்டுடுறேன்.

அதுக்கப்புறம் வீட்ல அவ பேரு கிடையாது. ரேஷன் கார்டுல இருந்து எடுத்தாச்சு. சின்னப்பா கெட்டவர் இல்ல. மாடு செத்தாலே ரெண்டு நாள் சாப்பிடாத ஆள். ஆனா அந்தப் பேரை மட்டும் ஒன்பது வருஷமா வாயில எடுக்கலை, யாரையும் எடுக்க விடலை. அவ திருப்பூர்ப் பக்கம் இருக்கா. ரெண்டு பிள்ளைங்க. சின்னம்மா முந்திரிக் காட்டுல இருந்து பக்கத்துக் கொல்லைக்காரம்மா போன்ல மாசத்துக்கு ஒரு தடவை பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும். சின்னப்பாவுக்கும் தெரியும்னுதான் நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருக்கார்.

இப்ப புரியுதா சின்னம்மா ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு? 'பெத்தவன்' புத்தகத்துல தன் மகள் பேருக்குக் கையெழுத்து வாங்கி அவளுக்கு அனுப்பணும். அவ்வளவுதான். "அவளுக்கு நான் ஒண்ணும் செய்யல. ஒரு பொட்டுத் தங்கம் போடல. இதையாவது அனுப்புறேன்."

நான் வழக்கம்போல குறுக்குவழி சொன்னேன். விருத்தாசலம் என்ன தூரம், அரியலூர்ல பல்லவன் ஏறினா செந்துறை, பெண்ணாடம் தாண்டி முக்கால் மணி நேரத்துல இறக்கி விட்டுடும், நேரா வீட்டுக்கே போய்க் கேப்போம்னு. முடியாதுன்னுட்டாங்க. "மொகந் தெரியாத ஊட்டுக் கதவைத் தட்டி நிக்கவா? அது கடன் கேக்கப் போற மாரி இருக்கும். எல்லாரும் வாங்குற எடத்துல, எல்லாரையும் மாரி வரிசையில நின்னு, புஸ்தகத்துக்குக் காசு குடுத்து வாங்குறேன்." சரி, நானே வாங்கிட்டு வந்து தர்றேன்னேன். அதுவும் ஆகாது. நேர்ல போகணும்.

அடுத்த பஞ்சாயத்து, அரியலூரா பெரம்பலூரா? அரியலூர்தான் கிட்ட. ஆனா அரியலூர் விழாவுல நாலு அடி வச்சா நாலு சொந்தக்காரன். கையெழுத்து மேஜை ஒண்ணும் ரகசியமான இடம் இல்ல. பேர் என்ன போடன்னு அவர் கேப்பார், மைக்ல ஒருபக்கம் அறிவிப்பு ஓடிக்கிட்டு இருக்கும், ரெண்டு தடவை சத்தமாச் சொன்னாதான் காதுல விழும். பின்னால வரிசையில நிக்கிற எவனாவது, "அட, இது அவரு மகள் பேராச்சே"ன்னு திரும்பிப் பார்த்தா? ராத்திரிக்குள்ள ஊருக்குப் போயிடும். அதனால பெரம்பலூர். முப்பது கிலோமீட்டர் தள்ளி, அங்க சின்னம்மாவைத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. சிமெண்ட் லாரிக்குப் பின்னாலயே பஸ் ஊர்ந்து போனாலும் ஒரு மணி நேரம்தான். சின்னப்பாகிட்ட சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிடலாம். அதுலயும் ஒரு சிக்கல். சிறுவாச்சூர்ல திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாங்க, அது சின்னப்பாவுக்கு நல்லாத் தெரியும். ஆக, நம்மாளு பெரம்பலூருக்கு வரணும், அதுவும் திங்கள் இல்லன்னா வெள்ளியா வரணும்! எந்த விழாக் குழுவுக்கு மனு போடுறது, நீங்களே சொல்லுங்க.

இதுல எனக்குள்ள ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. பேரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எழுத்தாளர்கிட்ட நீட்டிடலாமேன்னு சின்னம்மாகிட்ட சொல்லிப் பார்த்தேன். நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க, எழுத்துப்பிழை வராம இருக்க. சத்தமாச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. சின்னம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

"நான் வாயால சொல்லணும்டா. ஒம்போது வருசமா காட்டுலதான் அந்தப் பேர சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு பெரிய மனுசன் கேட்டு, நான் சொல்லி, அவரு எழுதணும்."

அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசலை.

இமையத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியப் போறதில்ல. சொல்லவும் மாட்டோம். அவருக்கு நாங்க வரிசையில வர்ற இன்னொரு ஆளு. பேரைக் கேப்பார், எழுதுவார், தேதி போடுவார், அடுத்த ஆள் நகரணும். பேச்சுக்கு நேரமாச்சுன்னு யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அது அப்படித்தான் இருக்கணும். மேஜையில வச்சு ஒரு எழுத்தாளரைப் பிடிச்சுக்கிட்டு சொந்தக் கதையை ஒப்பிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கே பின்னால நின்னு கடுப்பாகும்.

புத்தகம் ஏற்கனவே என்கிட்ட ஒண்ணு இருக்கே, அதையே கொண்டு போகலாம்னேன். அது படிச்ச புத்தகமாம், ஓரம் மடிஞ்சு போச்சாம், அதை அவங்களே வச்சுக்கிறாங்களாம். (என் புத்தகம்! போனது போனதுதான்.) முறுக்கு டப்பாவுல தனியா காசு எடுத்து வச்சிருக்காங்க, புதுசு வாங்க. பேனாவும் நாமதான் கொண்டு போகணுமான்னு கேட்டாங்க, அவரே வச்சிருப்பார்னு சொன்னேன். இருந்தாலும் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க, நீல மை.

போன வாரம் போன் பண்ணப்பவும் நோட்டீஸ் வந்துச்சான்னுதான் முதல் கேள்வி. இன்னும் வரலை சின்னம்மான்னேன். "முந்திரிக்கொட்ட உழறதுக்கு முன்ன வந்தா தேவல சாமி. கொட்ட பொறுக்க ஆரம்பிச்சுட்டா ஒரு நாளு விட்டுட்டு வர முடியாது, ஆளும் கெடைக்காது. நீ அங்க யாரையாச்சும் விசாரிச்சு வையி."

பெரம்பலூர்ல இருக்கிற மக்கள் யாருக்காவது தேதி தெரிஞ்சா சொல்லுங்க. பேச வர்றவங்க பட்டியல் தெரிஞ்சா இன்னும் நல்லது.